நாடகம் இல்லாத நாட்களில் நாடகக் குழு

உங்கள் பள்ளியில் நாடகக் குழு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அது எப்போது கூடும் என்று கேட்டால் சற்றுத் தயங்குவோம். கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும் கூடும். இல்லையென்றால் ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு கூடும். நன்றாகப் பேசும் நான்கு பிள்ளைகள், உயரமான ஒரு பையன், அழுதால் பார்ப்பவரையும் அழவைக்கும் ஒரு பெண். போட்டி முடிந்ததும் குழு கலைந்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

ஆண்டிபட்டி வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளி நாடகக் குழுவுக்கு இது ஐந்தாவது ஆண்டு. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை 23 பேர் இருக்கிறார்கள். இதுவரை மேடை ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூடிய நாட்கள் அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கூடிய நாட்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஒரு நாடகக் குழு ஆண்டு முழுவதும் எப்போது, எதற்காகக் கூடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது என்பது என் எண்ணம்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நாடகம் புதிதல்ல. பங்குனி பிறந்தால் சுற்றுவட்டார ஊர்ச் சுவர்களில் நாடக நோட்டீஸ் தென்படத் தொடங்கிவிடும். திருவிழா சாட்டிய ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் ‘வள்ளி திருமணம்’ தொடங்கி விடியும்வரை நடக்கும். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த மரபில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் வேறு ஊர்க்காரர்களாக இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கி ஏற்பாடு செய்வார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். அன்றிரவு மேடையிலேயே ஒருவரையொருவர் சந்தித்து, விடிய விடியத் தர்க்கம் செய்து, காலையில் அவரவர் பேருந்தில் ஏறிவிடுவார்கள். அவர்களுடைய நாட்காட்டியை எழுதுவது கோயில் திருவிழாக்கள்தாம்.

சிறுவர் நாடகக் கம்பெனிகள் இன்னொரு வகை. சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918-ல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அத்தகையது. பையன்களுக்குக் கம்பெனி வீடே வீடு. சாப்பாடு, பாடம், பாட்டு, அடி, நாடகம் எல்லாம் அங்கேயே. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். 1962-ல் தேனித் தொகுதியிலும் 1980-ல் ஆண்டிபட்டித் தொகுதியிலும் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எஸ்.எஸ். ராஜேந்திரனும் சிறுவயதில் நாடகக் கம்பெனிக்குப் போனவரே. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் நாடகப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது அவர் பெயர்தான். பிறகு பேச்சு தேர்தலுக்குப் போய்விடும், அதைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம்.

மூன்றாவது வகை பயில்முறை நாடகக் குழு. உறுப்பினர்களுக்குப் பிழைப்பு வேறு இருக்கும். நாடகம் அவர்களுக்குக் கூலி தராது. கம்பெனி வீடு கிடையாது. கோயில் கொடுக்கும் தேதியும் கிடையாது. நாளைக்கு வராமல் போனால் ஏன் என்று அதட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அவர்கள் வந்தாக வேண்டும். பள்ளி நாடகக் குழு இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. எனவே நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இந்த வகையிடமிருந்துதான்.

வக்கீல்களின் நாடகக் குழு

1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு என்பவரின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. கிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல். படித்தவர்கள் வேடம் கட்டுவது இழிவு என்று சென்னையில் எண்ணிய காலம் அது. அந்த நாடகங்களைப் பார்த்த ஒரு கல்லூரி மாணவருக்கு, இதைத் தமிழில் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியது. அவர் பெயர் பம்மல் சம்பந்தம்; வயது 18. அவருடைய தந்தை விஜயரங்க முதலியார் தமிழாசிரியராக இருந்து, பின்னர்ப் பள்ளிகளை ஆய்வு செய்யும் அலுவலரானவர். நம் துறைக்கும் தமிழ் நாடகத்துக்கும் இப்படி ஒரு பழைய உறவு உண்டு. சம்பந்தமும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து 1891 ஜூலை 1 அன்று சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள்.

தொடங்கிய சபை உடனே நாடகம் போட்டுவிடவில்லை. அவர் எழுதிய ‘புஷ்பவல்லி’ மேடையேறியது 1893-ல். இடைப்பட்ட காலத்தில் ஒரு நாடகக் குழு நாடகம் போடாமல் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூடினார்கள், சந்தா கட்டினார்கள், விதிகள் எழுதினார்கள், படித்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள். கலைந்து போவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அந்த இளைஞர்களுக்குத் தேர்வுகள் இருந்தன. ‘கூத்தாடி’ என்று கேலி பேசும் ஊரும் இருந்தது. ஆனாலும் கலையவில்லை.

பிறகு வந்த ஆண்டுகளில் சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் சேர்ந்தார்கள். சம்பந்த முதலியாரே வழக்கறிஞராகி, 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். விடுதலைப் போராட்ட வீரர் எஸ். சத்தியமூர்த்தியும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அந்த மேடையோடு தொடர்புடையவர்கள். இப்படிப்பட்டவர்களைப் பகலில் கூட்ட முடியாது. வேலை நாளில் வெளியூர் அழைத்துப்போகவும் முடியாது. ஆகவே சபையின் ஆண்டு, உறுப்பினர்களின் வேலையை ஒட்டியே அமைந்தது. மாலையில் சபைக் கட்டடத்தில் கூடுதல், ஒத்திகை. விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகங்கள். தசரா நாட்களில் கொண்டாட்டம். அதற்கென்றே சிறு நகைச்சுவை நாடகங்கள். ஆண்டு விழா. விடுமுறைக் காலத்தில் வெளியூர்ப் பயணம்: பெங்களூர், மதுரை, கொழும்பு. சம்பந்த முதலியார் தம் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலை ஆறு பாகங்களாக எழுதினார். நாடகத்தைப் பற்றி எழுதுகிறாரா, நண்பர்களைப் பற்றி எழுதுகிறாரா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி அது இருக்கும். யார் எந்த வேடம் கேட்டார், யார் எதற்காகக் கோபித்துக்கொண்டார், யாரைச் சமாதானம் செய்ய எத்தனை நடை நடந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. நாடகப் பொறுப்பாசிரியராக இருப்பவர்கள் அதைப் படித்தால் தம் வகுப்பறையையே பார்ப்பார்கள்.

விடிய விடிய நடந்த நாடகத்தை அவர் சில மணி நேரத்துக்குள் அடக்கியதையும் இந்த நோக்கில் பார்க்கலாம். மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நடிகரும், மறுநாள் அலுவலகம் போக வேண்டிய பார்வையாளரும் விடியும்வரை உட்கார முடியாதல்லவா? கலைச் சீர்திருத்தம் என்று நாம் படிப்பதில் பாதி, ஆட்களின் நேரத்தை மதித்ததால் விளைந்தது.

பயணத்தின் பலன் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 1911-ல் சபை இலங்கை சென்று நடித்தபோது பார்த்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த க. சொர்ணலிங்கம். பின்னாளில் ‘கலையரசு’ என்று போற்றப்பட்ட அவர், சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு ஈழத்தில் பயில்முறை நாடகத்தை வளர்த்தார். திருச்சியில் ரயில்வே அலுவலராக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபையும் இதே வழியில் நடந்தது. சிறுவன் தியாகராஜ பாகவதர் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் (1952), கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே. பாலசந்தர் என்று இந்த வரிசை நீள்கிறது. அலுவலகம் விட்டு ஒத்திகை, மாலையில் நாடகம் என்பதே அவர்களுடைய கணக்கு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. சுகுண விலாச சபை இன்றும் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. ஆனால் இன்று அதை நாடகத்துக்காக யாரும் தேடிப் போவதில்லை. உறுப்பினர்கள் கூடி விளையாடிப் பொழுதுபோக்கும் மன்றமாகவே அது அறியப்படுகிறது. கூடுவது நிலைத்தது, எதற்காகக் கூடினார்களோ அது போய்விட்டது. கூடாத குழு செத்துவிடும் என்பது பாதிதான். கூடிப் பேசி, தேநீர் குடித்துவிட்டு மட்டும் கலையும் குழுவும் நாடகக் குழுவாக இருக்காது. எங்கள் பிள்ளைகளும் இரண்டாம் ஆண்டில் சுண்டலுக்கும் விடுகதைக்கும் மட்டுமே வரத் தொடங்கினார்கள். அதற்காகவே ஒரு விதி வைத்தோம்: எந்தக் கூட்டமானாலும் ஒரு பக்க வசனமாவது சத்தமாக வாசிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. விதியைச் சொன்னது நானல்ல, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனுக்குச் சுண்டல் பிடிக்காது.

பேருந்து நேரமும் மல்லிகைப் பருவமும்

எங்கள் குழுவின் முதல் நாட்காட்டியில் நாடகத் தேதி எதுவும் இல்லை. யார் எந்த ஊர், எந்தப் பேருந்து, வீட்டில் என்ன வேலை என்றுதான் எழுதினோம். கண்டமனூர்ப் பக்கம் போகிறவர்கள் மாலைப் பேருந்தை விட்டால் இருட்டிவிடும். பெண்பிள்ளைகள் பள்ளி விட்டபின் தங்க வீட்டில் ஒப்பமாட்டார்கள். சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் வீட்டில் தறி ஓடுகிறது; மாலையில் அவர்களுக்கு வேலை இருக்கும். மல்லிகை பூக்கும் மாதங்களில் சிலர் விடியுமுன் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு, பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியபின் பள்ளிக்கு வருவார்கள். அவர்களால் பத்து மணிக்கே கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சியது வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம். அன்றிலிருந்து எங்கள் குழு வெள்ளிக்கிழமை மதியம்தான் கூடுகிறது, புங்கமரத்தடியில்.

ஜூனில் நடிப்பு கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஜூலை முதல் வெள்ளியைக் குழுவின் பிறந்தநாளாக வைத்திருக்கிறோம். சுகுண விலாச சபை தொடங்கிய மாதம் என்பதால் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் வாசிப்பு மட்டும். கலைத் திருவிழா எப்போது வந்தாலும் மற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்குத் தயாராவோம். பழகிய குழு என்பதால் புதிதாக ஆள் தேடும் வேலை இல்லை.

ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தைய வெள்ளி, பெட்டி திறக்கும் நாள். எங்களிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தலைப்பாகை, ஒட்டுமீசை, அட்டைக் கிரீடம், தறிக்கார வீடுகளிலிருந்து வந்த துண்டுத் துணிகள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, கிழிந்ததைத் தைத்து, கணக்கு எழுதி உள்ளே வைப்பார்கள். யாருக்கு எதைத் தைக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். நடிக்க வெட்கப்படும் பிள்ளைகள் பலர் இந்த நாளில்தான் குழுவுக்குள் வந்தார்கள். நவம்பர் 14 அன்று பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பத்து நிமிட நாடகம் ஒன்று போடுவோம். எங்கள் வெளியூர்ப் பயணம் அதுதான்; தூரம் முக்கால் கிலோமீட்டர்.

மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி யாரும் கிடைக்க மாட்டார்கள். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். இதை விடுப்பாகக் கருதாமல் குழுவின் வேலையாக மாற்றிக்கொண்டோம். திரும்பி வரும்போது உங்கள் குலதெய்வத்தின் கதை என்ன, உங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டு வர வேண்டும். ஒரே சாமிக்கு இரண்டு வீட்டில் இரண்டு கதை இருந்தது. எந்தக் கதை சரி என்று சண்டை வந்தது. சண்டை வந்தால் அங்கே நாடகம் இருக்கிறது என்று பொருள். அப்படி எழுதியதுதான் எங்களுடைய மூன்றாம் ஆண்டு நாடகம். சமூக அறிவியல் ஆசிரியர் என்ற முறையில், இடப்பெயர்வு பற்றி ஒரு பாடவேளையில் நடத்த முடியாததை அந்தச் சண்டை நடத்திக் கொடுத்தது.

எல்லாவற்றிலும் கடினமானதும் அவசியமானதும் ஜனவரியில் வரும் பெற்றோர் மாலை. பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு ஒரு வெள்ளி, மூன்று மணிக்கு. முழு நாடகம் கிடையாது. கையில் தாளை வைத்துக்கொண்டே பாதி நாடகத்தை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு தேநீர், சுண்டல். அன்றைக்குப் பெற்றோர் பார்க்க வருவது நடிப்பை அல்ல என்று எனக்குத் தெரியும். தங்கள் மகள் யாரோடு உட்காருகிறாள், யார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஆசிரியர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையே பார்க்கிறார்கள்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் பெண்பிள்ளைகள் குழுவிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். வயதுக்கு வந்த பெண் மேடையில் நிற்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். சம்பந்த முதலியாருக்கு இணையாகப் பல ஆண்டுகள் கதாநாயகியாக நடித்தவர் ரங்கவடிவேலு என்ற வழக்கறிஞர். 130 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிலைக்கு என் பள்ளி போய்விடுமோ என்று எனக்குப் பயமிருந்தது. ஒரு மாணவியின் வீட்டில் நடிக்கக் கூடாது என்று சொன்னபோது அவள் குழுவை விட்டு விலகவில்லை. நடிப்பதில்தான் தடை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதில் தடையில்லை. அந்த ஆண்டு முழுவதும் வருகைப் பதிவு எழுதினாள், வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். ஜனவரியில் அவள் அம்மா வந்தார். பின்வரிசையில் மற்றத் தாய்மாருடன் உட்கார்ந்தார். போகும்போது, “எம் புள்ள ஒண்ணுமே நடிக்கல, ஆனா எல்லாத்துக்கும் அவளத்தான சார் பாக்குறாங்க” என்றார். வசனம் எடுத்துக் கொடுப்பவரைத்தான் நடிகர்கள் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். அடுத்த ஆண்டு அவள் கேட்டு வாங்கிய வேடம் ஊர்த்தலைவர். ஒட்டுமீசையுடன் நடித்தாள். வீட்டில் மறுப்பு வரவில்லை; மீசை வைத்தால் பெண் வேடம் ஆகாது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. அதே ஆண்டில் நின்றுவிட்ட இருவர் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து பெற்றோர் மாலைக்கும் யாரும் வரவில்லை. தறியை நிறுத்தினால் கூலி போய்விடும் என்பது ஒரு வீட்டின் பதில். மற்றொரு வீடு பதில் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அழைப்பதில்லை. தலைமையாசிரியரின் அந்த நிபந்தனையில் எனக்கும் உடன்பாடுதான். பொதுத் தேர்வுக்கு முன் ஒரே ஒரு வெள்ளி வருவார்கள். வருகைப் பதிவேட்டையும் பெட்டிச் சாவியையும் ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் அவர்களைப் பார்த்தால், சாவி யாரிடம் இருக்கிறது சார் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

செலவு பற்றிக் கேட்கும் ஆசிரியர்களுக்கு: தேநீரும் சுண்டலும் ஆண்டுக்கு இரண்டு முறை, மற்ற நாட்களில் ஒன்றும் இல்லை. பெட்டி பழையது. நேரம்தான் உண்மையான செலவு. வெள்ளி மதியம் அரை மணி நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பது, நாடகம் எழுதுவதைவிடச் சிரமம்.

இந்த ஆண்டின் அட்டவணையைப் பிள்ளைகளே பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஜனவரிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. எந்த வெள்ளிக்கிழமை தறியை ஒரு மணி நேரம் நிறுத்த முடியும் என்று சக்கம்பட்டிப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.